ஐஸ் பெட்டியில் இருந்த கிட்னி எப்படிக் கெட்டது?

போன வருஷம் ஒரு ராத்திரி பதினொன்றரை மணிக்கு அண்ணனுக்குப் போன் வந்தது. கிட்னி ஒன்று கிடைக்கலாம், உடனே கிளம்பி வாருங்கள் என்றார்கள். ஒன்பது வருஷமாக வாரம் மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்த மனுஷர். சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூர் 200 கிலோமீட்டருக்கு மேல். அண்ணியும் நானும் அவரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையைப் பிடித்தோம். போனதும் ரத்தம் எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்றார்கள். விடிந்து எட்டு மணிக்கு ஓர் இளம் டாக்டர் வந்து தணிந்த குரலில் சொன்னார்: கிட்னி "தக் செசுவாய்", அதாவது தோதுப்படாது, வீட்டுக்குப் போகலாம்.

திரும்பும் வழியில் தாப்பா ஓய்விடத்தில் தே தாரிக் குடிக்க நிறுத்தினோம். அதுவரை வாய் திறக்காத அண்ணி கேட்டார்: "ஐஸ் பெட்டியிலதானே வெச்சிருந்தாங்க? அப்புறம் எப்படி தம்பி கெட்டுப்போகும்?"

நான் டாக்டர் இல்லை. செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் 22 வருஷம் வேலை பார்த்தவன். ஆனாலும் அண்ணி கேட்டது எனக்குப் புதிய கேள்வியாகப் படவில்லை. லாரியில் வந்து இறங்கும் பழக்குலை எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்வதுதான் எங்கள் பிழைப்பாக இருந்தது. குலையை வெட்டிய நேரத்திலிருந்தே பழத்துக்குள் இருக்கும் நொதி எண்ணெயைக் கொழுப்பு அமிலமாக உடைக்கத் தொடங்கிவிடும். அடிபட்ட பழத்தில் இன்னும் வேகமாக. அதனால்தான் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். லாரி பழத்தைக் கொட்டும் ரேம்ப்பில் நின்று தரம் பிரிக்கும் கிரேடர் நிறத்தையும் உதிர்ந்த பழத்தையும் கண்ணால் பார்த்துக் கணக்குச் சொல்வார். உள்ளே நாங்கள் எண்ணெயை ஆல்கஹாலில் கரைத்து, சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறும் இடத்தில் நிறுத்துவோம். ஓர் எண் வரும். 5 சதவீதத்தைத் தாண்டினால் மேனேஜர் முகம் கறுத்துவிடும். யாரும் வாக்குவாதம் பண்ண முடியாது.

மாற்று அறுவைக்காகப் பெட்டியில் கிடக்கும் கிட்னிக்கு அப்படி ஓர் எண் இன்றுவரை கிடையாது. இதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பல மாதம் பிடித்தது. அண்ணனைத் திருப்பி அனுப்பியவர்கள் தப்புச் செய்தார்கள் என்று சொல்ல வரவில்லை. எதை வைத்துப் பார்த்தார்கள், அதற்கு எவ்வளவு எடை கொடுக்கலாம் என்பதுதான் என் கேள்வி.

முதலில் அண்ணியின் கேள்வி. ஐஸ் கெடுதலை நிறுத்துவதில்லை, மெதுவாக்குகிறது. உடலுக்குள் 37 டிகிரியில் இருக்கும் உறுப்பை 4 டிகிரிக்கு இறக்கினால் அதன் உயிரணுக்களின் செலவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். சுருங்குமே தவிர, சுழியாகாது. வரவோ அடியோடு நின்றுபோயிருக்கும். ரத்தம் இல்லை, ஆக்சிஜன் இல்லை. சம்பளம் நின்றுபோன வீட்டில் எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் டப்பாவில் உள்ள அரிசி குறைந்துகொண்டுதானே வரும்?

கிட்னி 150 கிராம் எடையுள்ள சின்ன உறுப்பு. ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை இரண்டு கிட்னிகளும் வாங்கிக்கொள்கின்றன. வடிகட்டிய நீரிலிருந்து சோடியத்தைத் திரும்ப உள்ளே இழுப்பதற்கே அதன் சக்தியில் பெரும்பகுதி போகிறது. அந்த வேலையைச் செய்வது உயிரணுச் சவ்வில் இருக்கும் பம்புகள். பம்புகளுக்கு எரிபொருள் ஏடிபி. அதைச் செய்து தருவது மைட்டோகாண்ட்ரியா. அதற்கு ஆக்சிஜன் வேண்டும். பெட்டிக்குள் போன சில மணி நேரத்தில் ஏடிபி இருப்பு கரைந்துவிடுகிறது. பம்பு நிற்கிறது. சோடியம் உள்ளே கசிகிறது, அதன் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. உயிரணு ஊறிப்போன கடலை மாதிரி வீங்குகிறது.

இந்த வீக்கத்தைத் தடுக்கத்தான் பெட்டிக்குள் வெறும் உப்புநீர் வைப்பதில்லை. 1969-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஜெஃப்ரி காலின்ஸ் செய்த யுக்தி கேட்க எளிது: உயிரணுவின் உள்ளே இருக்கும் திரவத்தைப் போலவே வெளியிலும் வை, பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. உள்ளும் புறமும் ஒன்றாக இருந்தால் கசிய அவசரம் இருக்காது. நாயின் கிட்னி 30 மணி நேரம் தாங்கியது. 1980-களின் பின்பாதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஃபோல்கெர்ட் பெல்சரும் ஜேம்ஸ் சதர்டும் இன்னொரு திரவத்தைக் கொண்டுவந்தார்கள். உயிரணுச் சவ்வைத் தாண்ட முடியாத பெரிய மூலக்கூறுகளைச் சேர்த்துத் தண்ணீரை வெளியிலேயே பிடித்து வைப்பது அதன் வித்தை. அதில் அல்லோப்யூரினால் என்ற மருந்தும் உண்டு. யூரிக் ஆசிட் ஏறிக் கால் பெருவிரல் வீங்கியவர்கள் வீட்டில் இந்த மாத்திரைப் பட்டை கிடக்கும். கிட்னிப் பெட்டிக்குள் அதற்கு என்ன வேலை?

இதற்குப் பதில் சொல்ல மீன் சந்தைக்குப் போக வேண்டும். நாம் செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம், கண்ணைப் பார்க்கிறோம், வயிற்றை அமுக்கிப் பார்க்கிறோம். ஜப்பானிய ஆய்வாளர்கள் 1959-ல் இதற்கு ஒரு வேதியியல் கணக்கு வைத்தார்கள். மீன் செத்ததும் அதன் ஏடிபி படிப்படியாக உடைந்து, கடைசியில் இனோசின், ஹைப்போசாந்தின் என்ற இரண்டில் வந்து நிற்கும். மொத்தத்தில் அவை எத்தனை சதவீதம் என்று பார்த்தால் மீனின் புதுமை தெரிந்துவிடும். பழைய மீனின் கசப்பில் ஹைப்போசாந்தினுக்கும் பங்கு உண்டு. பெட்டிக்குள் கிடக்கும் கிட்னியிலும் சேர்வது அதே ஹைப்போசாந்தின்தான். மறுபடி ரத்தம் பாய்ந்து ஆக்சிஜன் வந்ததும் ஒரு நொதி அதைப் பிடித்து எரிக்க, கூடவே உயிரணுவைச் சுடும் நச்சு ஆக்சிஜன் துகள்கள் கிளம்பும். அந்த நொதியைத் தடுப்பதுதான் அல்லோப்யூரினாலின் வேலை. பெருவிரல் வீங்கும் அந்தக் கௌட் நோயிலும் அது தடுப்பது அதே நொதியைத்தான்.

அப்படியானால் மீனுக்குப் பார்ப்பது போலக் கிட்னிக்கும் பார்த்துவிடலாமே என்று எனக்கு உடனே தோன்றியது. என்னைவிட நாற்பது வருஷத்துக்கு முன்னாலேயே அது தோன்றியிருக்கிறது. 1980-களிலேயே பெட்டியில் கிடந்த கிட்னியைக் காந்த அலைக் கருவிக்குள் வைத்து, அதில் மிஞ்சியிருக்கும் பாஸ்பரஸ் சேர்மங்களை அளந்து பார்த்தார்கள். அளவுக்கும் பிறகு கிட்னி வேலை செய்ததற்கும் தொடர்பும் தெரிந்தது. ஆனால் மீன் செத்தது, அதன் கதை முடிந்தது. கிட்னி திரும்பி எழ வேண்டும். இருப்பு தீர்ந்துபோன உயிரணு ஒன்று ரத்தம் வந்ததும் மளமளவென்று ஏடிபி செய்துகொண்டு எழுந்துவிடுகிறது. அதே அளவு தீர்ந்த இன்னொன்று எழுவதில்லை. எழ வைக்கும் மைட்டோகாண்ட்ரியா உடைந்திருக்கிறதா என்பதை மிச்ச இருப்பு மட்டும் சொல்லிவிடாது.

என் கணக்கில் விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. குளிரில் அடி விழுகிறது, ஆனால் வலி சூட்டில்தான் தெரிகிறது. 2014-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய வேலை இதை நன்றாகக் காட்டியது. ஆக்சிஜன் இல்லாத நேரத்தில் உயிரணுவுக்குள் சக்சினேட் என்ற பொருள் குவிகிறது. அப்போது அது யாரையும் தொந்தரவு செய்வதில்லை. ரத்தம் திரும்பிய முதல் சில நிமிடங்களில் மைட்டோகாண்ட்ரியா அதை வெறியோடு எரிக்க, மின்னணுக்கள் வந்த வழியே பின்னோக்கி ஓடி, நச்சுத் துகள்கள் வெடித்துச் சிதறுகின்றன. ரத்தக்குழாயை அடைத்திருந்த கிளாம்பை டாக்டர் எடுத்ததும் வெளுத்திருந்த கிட்னி ரோஜா நிறத்துக்கு மாறும் அந்த அழகான நிமிடத்தில்தான் உள்ளே பெரிய சேதம் நடக்கிறது. பெட்டிக்குள் கிடப்பதைப் பார்த்து மதிப்பிடுவது, மழைக்கு முன்னால் கூரையைப் பார்த்து எங்கே ஒழுகும் என்று சொல்வது மாதிரி.

பெட்டிக்கு வருவதற்கு முந்தைய கதையும் உண்டு, அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மூளைச்சாவு என்பது உடலுக்கு ஒரு புயல். அட்ரினலின் கொட்டி, ரத்த அழுத்தம் ஏறி விழுந்து, அழற்சி பரவி, கிட்னி ஐஸைப் பார்ப்பதற்கு முன்பே அடிபட்டிருக்கும். இதயம் நின்ற பிறகு எடுக்கப்படும் உறுப்பென்றால் ரத்தம் இல்லாமல் உடற்சூட்டிலேயே கிடந்த நிமிடங்களும் சேரும். சூட்டில் போகும் அரை மணி நேரம் குளிரில் போகும் பல மணி நேரத்தைவிட மோசம். ஆகவே "ஐஸ் பெட்டியில் கெட்டது" என்று நாம் சொல்வதில் பாதி பெட்டிக்கு வெளியே நடந்தது.

சரி, எப்படித்தான் பார்க்கிறார்கள்?

முதலில் மணிக்கணக்கு. கொடையாளரின் உடலுக்குள் குளிர்ந்த திரவத்தைச் செலுத்தியதிலிருந்து, பெறுபவரின் உடலில் ரத்தம் பாயும் வரை ஓடுகிற நேரம். இதயம் 4 முதல் 6 மணி நேரம்தான் தாங்கும். கிட்னிக்கு 24 மணி, சில சமயம் அதற்கும் மேல் கொடுக்கிறார்கள். 2007-ல் வந்த பெரிய பன்னாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றில் 18 மணி வரை கிட்னியின் நீண்ட ஆயுளில் சொல்லும்படியான இழப்பில்லை, அதற்கு மேல் போகப் போக ஏறுகிறது என்று கண்டார்கள். ஆனால் முதல் வாரத்தில் கிட்னி சுணங்குவதற்கு அப்படிக் கோடு எதுவும் இல்லை. மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும். சுணக்கம் என்றால் என்ன? மாற்று அறுவை முடிந்து முதல் ஏழு நாளுக்குள் மறுபடி டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தால் அதுதான் சுணக்கம். பெரும்பாலான கிட்னிகள் சில நாளிலோ வாரத்திலோ விழித்துக்கொள்ளும். மணிக்கணக்கு மலிவான அளவுகோல், கடிகாரம் போதும். ஆனால் அது சராசரியைச் சொல்லும். இந்தக் குறிப்பிட்ட கிட்னியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒரே நாளில் வெட்டிய இரண்டு குலைகளில் ஒன்று கெட்டும் ஒன்று நன்றாகவும் இருந்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது கண். கழுவிய பிறகு எல்லா இடமும் ஒரே சீராக வெளுத்திருக்கிறதா, திட்டுத் திட்டாக ரத்தம் தங்கியிருக்கிறதா, மேற்பரப்பில் தழும்பு இருக்கிறதா, ரத்தக்குழாய் வாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்று அறுவை நிபுணர் பார்ப்பார். அனுபவசாலியின் கண்ணை நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் ரேம்ப் கிரேடர் ஒருவர் குலையைத் தொடாமலே சொல்லிவிடுவார். ஆனால் அவர் சொன்னது சரியா என்று அன்று மாலையே ஆய்வுக்கூடம் காட்டிக் கொடுத்துவிடும், அதனால் அவர் கண் தீட்டிக்கொண்டே போனது. வேண்டாம் என்று ஒதுக்கிய கிட்னியைப் பொருத்திப் பார்க்க யாரும் இல்லை. ஒதுக்கியது சரியா என்று கண்ணுக்குப் பாடம் சொல்ல ஆளில்லை.

மூன்றாவது கொடையாளரின் குறிப்பு. வயது, ரத்த அழுத்தம், நீரிழிவு, எதனால் இறந்தார், கிட்னி வெளியேற்ற வேண்டிய கிரியேட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் எவ்வளவு. அமெரிக்காவில் இவற்றைக் கூட்டி 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். 85 என்றால், எடுக்கப்பட்ட கிட்னிகளில் 85 சதவீதத்தைவிட இது சீக்கிரம் ஓயும் என்று எதிர்பார்ப்பு. இந்த மதிப்பெண்ணில் பெட்டிக்குள் கிடந்த மணிக்கணக்கே கிடையாது. கொடையாளரைப் பற்றிய மதிப்பெண் அது. கிட்னியைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வது நம் தவறு. தீவிர சிகிச்சையில் இருந்தபோது கிரியேட்டினின் ஏறிய கொடையாளரின் கிட்னியைப் பலர் தயங்கித் தள்ளிவிடுவார்கள். ஆனால் அப்படிப்பட்ட கிட்னிகள் தொடக்கத்தில் சுணங்கினாலும் பிறகு மற்றவற்றைப் போலவே ஓடுகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நான்காவது பயாப்சி. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பெயரைக் கேட்டதும் நமக்கு இதுதான் கடைசித் தீர்ப்பு என்று தோன்றிவிடும். கிட்னியின் விளிம்பில் ஒரு சீவல் எடுத்து, அவசரமாக உறையவைத்து, மெல்லியதாக வெட்டி, நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். வடிகட்டி முடிச்சுகளில் எத்தனை சதவீதம் தழும்பாகிவிட்டது என்று எண்ணுகிறார்கள். 20 சதவீதத்தைத் தாண்டினால் பல இடங்களில் தயக்கம் வந்துவிடும். இத்தாலியில் ரெமூஸி குழுவினர் வகுத்த முறையில் முடிச்சு, நுண்குழல், இடைத்திசு, ரத்தக்குழாய் நான்குக்கும் தலா 0 முதல் 3 வரை போட்டுக் கூட்டுவார்கள். 3 வரை வந்தால் ஒரு கிட்னி போதும். 4 முதல் 6 என்றால் இரண்டையும் ஒரே ஆளுக்கு வைக்கலாம். 7 அல்லது அதற்கு மேல் என்றால் வேண்டாம்.

இந்த மதிப்பெண் நேர்மையானது. ஆனால் அது அளப்பது எதை? தழும்பு ஐஸ் பெட்டியில் ஏற்படுவதில்லை. பத்து இருபது வருஷ ரத்த அழுத்தத்தின், நீரிழிவின், வயதின் கையெழுத்து அது. பெட்டிக்குள் நடந்த சேதம் நுண்குழல் உயிரணுக்களில், அதிலும் புறணியும் மையமும் சந்திக்கும் ஆழத்தில் இருக்கிறது. விளிம்பில் எடுத்த சீவல் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாமல் போகலாம். எட்டினாலும் உறையவைக்கும்போது உண்டாகும் பனித் துகள்களே திசுவைக் கிழித்து, வீங்கிய உயிரணுவையும் நல்ல உயிரணுவையும் பிரித்துச் சொல்ல முடியாமல் செய்துவிடும். தவிர, அதிகாலை மூன்று மணிக்கு அதைப் பார்ப்பவர் கிட்னித் திசுவில் தேர்ந்தவராக இருப்பார் என்ற உறுதியும் இல்லை. ஒரே கிட்னியின் சீவலை இரண்டு தடவை எடுத்தால் இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பயாப்சி சொல்லும். நேற்று ராத்திரி பள்ளத்தில் விழுந்ததா என்று கேட்டால் திணறும்.

இந்தத் திணறலுக்கு விலை உண்டு. 2004 முதல் 2014 வரை அமெரிக்காவில் எடுக்கப்பட்ட கிட்னிகளில் 17.9 சதவீதம் யாருக்கும் பொருத்தப்படாமல் ஒதுக்கப்பட்டன. அதே காலத்தில் பிரான்சில் 9.1 சதவீதம். பிரெஞ்சுக்காரர்கள் வயதான கொடையாளர்களின் கிட்னிகளைத் துணிந்து எடுத்தார்கள், சீவல் பார்ப்பதை ஒரு வழக்கமாகவும் வைத்துக்கொள்ளவில்லை. பிரான்சின் போக்கை அமெரிக்கா பின்பற்றியிருந்தால் ஒதுக்கியவற்றில் 17,000-க்கும் மேற்பட்ட கிட்னிகள் பயன்பட்டிருக்கும் என்று 2019-ல் ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் ஒதுக்கும் விகிதம் இன்னும் ஏறி, நாலில் ஒன்று என்ற நிலைக்கு வந்திருக்கிறது.

ஐந்தாவது வழி, கிட்னியைச் சும்மா ஊறவிடாமல் இயந்திரத்தில் பூட்டி, குளிர்ந்த திரவத்தை அதன் ரத்தக்குழாய் வழியே ஓடவிடுவது. இது புதிய யோசனை இல்லை. பெல்சர் விஸ்கான்சினுக்குப் போவதற்கு முன்னால், 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில், நாயின் கிட்னியை 72 மணி நேரம் இப்படி வைத்துக் காட்டினார். பிறகு மலிவான ஐஸ் பெட்டி வந்து இயந்திரத்தை ஓரம் கட்டியது. ரொம்ப நாள் கழித்து ஐரோப்பாவில் 336 கொடையாளர்களின் ஒரு கிட்னியைப் பெட்டியிலும் இன்னொன்றை இயந்திரத்திலும் வைத்து ஒப்பிட்டார்கள். 2009-ல் வந்த முடிவு: சுணக்கம் பெட்டியில் 26.5 சதவீதம், இயந்திரத்தில் 20.8 சதவீதம். ஒரே மனிதரின் இரண்டு கிட்னிகளையும் எதிரெதிராக வைத்த அந்த யோசனையைத்தான் நான் அதிகம் மெச்சுவேன். வயது, நோய், சாவு எல்லாம் ஒன்று. வேறுபடுவது வைத்த விதம் மட்டும்.

இயந்திரம் ஓடும்போது மதிப்பிடவும் இடம் கிடைக்கிறது. ஒன்று, தடை: எவ்வளவு அழுத்தம் கொடுத்தால் எவ்வளவு ஓடுகிறது. வீங்கிய திசுவில் குழாய் நெருங்கி, தடை ஏறும். இன்னொன்று, சுற்றிவரும் திரவத்தில் கலந்திருப்பது: உடைந்த உயிரணுவிலிருந்து கசிந்த நொதிகள். என் பழைய தொழிலுக்கு நெருக்கமானது என்பதால் இதைப் படித்தபோது உற்சாகமாக இருந்தது. ஆனால் முடிவு என் உற்சாகத்துக்கு ஒத்துழைக்கவில்லை. தடை அதிகமான கிட்னி சுணங்க வாய்ப்பு அதிகம்தான். ஆனால் தடையை மட்டும் வைத்து ஊகித்தால் காசைச் சுண்டிப் போடுவதைவிடக் கொஞ்சம்தான் மேல். நொதிகளும் சுணக்கத்தைக் காட்டின. கிட்னி வேலையே செய்யாமல் போகுமா, எத்தனை வருஷம் ஓடும் என்பதைக் காட்டவில்லை. அந்த எண்களை வைத்துக் கிட்னியைத் தூக்கி எறியக் கூடாது என்று ஆய்வு செய்தவர்களே எழுதினார்கள். நொதி அளந்தவர்களிடமிருந்து அந்த அடக்கம் வந்ததை மதிக்கிறேன்.

இப்போது பேசப்படும் இன்னொரு அடையாளம் ஃப்ளேவின் மோனோநியூக்ளியோடைடு. பெயர் நீளம், விஷயம் சின்னது. மைட்டோகாண்ட்ரியா சக்தி செய்யும் சங்கிலியின் முதல் கண்ணியில் ஒட்டிக்கொண்டிருக்கும் மூலக்கூறு அது. சங்கிலி அடிபட்டால் கழன்று திரவத்துக்குள் வந்துவிடும்; ஒளியைப் பாய்ச்சினால் தானாக மினுங்கும், இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கலாம். ஜூரிக்கில் ஈரலில் தொடங்கிய இந்த முறையைக் கிட்னியிலும் பார்த்து வருகிறார்கள். மற்ற அளவுகளைவிட இது எனக்குப் பிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. செத்த உயிரணுவை எண்ணாமல், எழ வைக்கும் இயந்திரமே கழன்றிருக்கிறதா என்று கேட்கிறது. கேள்வி சரியானது, பதில் எவ்வளவு நம்பகமானது என்பதைப் பெரிய ஒப்பீடுகள்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, சூட்டிலேயே வைத்துப் பார்ப்பது. மழை வந்தால்தான் ஒழுகல் தெரியும் என்றால், பொருத்துவதற்கு முன்னால் நாமே ஒரு சின்ன மழையைப் பெய்வித்துப் பார்க்கலாமே? பிரிட்டனில் மைக்கேல் நிக்கல்சனும் சாரா ஹாஸ்குட்டும், முதலில் லெஸ்டரிலும் பிறகு கேம்பிரிட்ஜிலும், இதைத்தான் செய்தார்கள். தானமாகக் கிடைத்த சிவப்பணுக்களை 37 டிகிரிக்குப் பக்கத்தில் சூடாக்கி, ஆக்சிஜன் ஏற்றி, ஒரு மணி நேரம் கிட்னிக்குள் ஓட்டினார்கள். முழுக்கச் சிவக்கிறதா, ரத்தம் எவ்வளவு ஓடுகிறது, சிறுநீர் சொட்டுகிறதா? மூன்றையும் வைத்து 1 முதல் 5 வரை மதிப்பெண். 1 என்றால் நல்லது, 5 என்றால் வேண்டாம். மற்ற மருத்துவமனைகள் மறுத்த சில கிட்னிகள் இந்தப் பரீட்சையில் தேறி, மனிதருக்குள் வேலையும் செய்தன. கிண்ணத்தில் சிறுநீர் சொட்டுவதைப் பார்ப்பதைவிட நேரடியான சாட்சி என்ன இருக்க முடியும்?

ஆனால் 2023-ல் 338 கிட்னிகளை வைத்து நடத்திய சோதனையின் முடிவு வந்தபோது, இந்த ஒரு மணி நேரச் சூடு சுணக்கத்தைக் குறைக்கவில்லை. சூடு காட்டியவற்றில் 60.7 சதவீதம், காட்டாதவற்றில் 58.5 சதவீதம். வைத்தியமாக அது தோற்றது. பரீட்சையாகத் தோற்றதா என்பது வேறு கேள்வி. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இதயம் நின்ற பிறகு எடுத்த, எப்படியும் பொருத்தத் தகுதி என்று முடிவான கிட்னிகளில் நடந்த சோதனை அது. யாரும் வேண்டாம் என்று ஒதுக்கும் கிட்னிகளில் எது தேறும் என்று கண்டுபிடிக்க இந்தப் பரீட்சை எவ்வளவு உதவும் என்பதை அந்த எண்களில் தேட முடியாது.

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டு வாசல் நடையான ஐந்தடியில் உட்கார்ந்து சொன்னேன். அண்ணி குறுக்கே கேட்டார்: "அப்போ நமக்கு நல்ல கிட்னியைத்தான் வேணாம்னு சொல்லிட்டாங்களா?" இல்லை அண்ணி, அப்படிச் சொல்ல முடியாது. வேலை செய்யாத கிட்னியைப் பொருத்தினால் பெரிய அறுவை, நோய் எதிர்ப்பை அமுக்கும் மருந்து, மறுபடி அறுத்து எடுப்பது, அதற்குள் உடலில் உருவாகும் எதிர்ப்பொருளால் அடுத்த கிட்னி பொருந்துவதே கடினமாவது, இத்தனையும் அண்ணன் தலையில்தான் விழும். அந்த டாக்டர் கண் முன்னால் நின்றது அந்தப் பயம். மறுபக்கத்தின் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொருத்தி வீணானால் கோப்பில் ஏறும், கூட்டம் போட்டு ஏன் என்று கேட்பார்கள். பொருத்தாமல் வீணானால் ஒரு மனிதர் திங்கள்கிழமை காலை வழக்கம்போல டயாலிசிஸ் நாற்காலிக்குப் போவார், அவ்வளவுதான்.

இந்த நாட்டில் அது சின்ன விஷயமில்லை. மலேசியாவில் முதல் கிட்னி மாற்று 1975-ல் கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் நடந்தது. கொடுத்தவர் உயிரோடிருந்த உறவினர். அதற்கு முந்தைய வருஷமே மனிதத் திசுச் சட்டம் வந்துவிட்டது. இன்று டயாலிசிஸில் இருப்பவர்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டார்கள். பத்து லட்சம் பேருக்கு எத்தனை பேர் இறந்தபின் உறுப்புக் கொடுக்கிறார்கள் என்று எண்ணினால் ஸ்பெயினில் 40-க்கும் மேல். நம் எண்ணிக்கை ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும். மைசெஜாத்ரா என்ற அரசாங்கக் கைப்பேசிச் செயலியில் பெயர் பதிந்து வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் குடும்பம் தலையசைத்தால்தான் எடுப்பார்கள். அவ்வளவு அரிதாக வரும் பொருளை மதிப்பிடும் தராசு இவ்வளவு ஆடுகிறது.

ஆடும் தராசை வைத்துக்கொண்டும் செய்யக்கூடியது ஒன்று உண்டு: கடிகாரத்தைக் குறைப்பது. கொடையாளரின் திசுவகையைக் கிட்னியை எடுப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். காத்திருப்பவரின் ரத்த மாதிரியைப் புதிதாக வைத்திருந்தால் பொருத்தச் சோதனை சீக்கிரம் முடியும். எங்கள் மாதிரி 200 கிலோமீட்டர் தாண்டி இருப்பவர்களுக்கு முன்கூட்டியே ஒரு போன் வந்தால் அதுவே இரண்டு மணி நேரம். புதுக் கருவி எதுவும் வேண்டாம். பழ லாரியைச் சீக்கிரம் ரேம்ப்புக்கு வரவைக்கும் வேலைதான். எங்கள் ஆலையில் அமிலம் குறைந்ததெல்லாம் அப்படித்தான், ஆய்வுக்கூடத்தால் இல்லை.

அடுத்த தடவை போன் வந்தால் கேட்க அண்ணன் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். பெட்டியில் எத்தனை மணி நேரம் இருந்தது? வேண்டாம் என்றால் எதைப் பார்த்து வேண்டாம் என்றீர்கள், தழும்பையா, கொடையாளரின் ரத்த அறிக்கையையா, கண்ணால் பார்த்ததையா? மூன்றாவது கேள்வி அண்ணியுடையது, கொஞ்சம் சாய்ந்த எழுத்தில் கீழே இருக்கிறது. மனுஷருக்கு இரண்டு கிட்னி ஆச்சே, அதே ஆளுடைய இன்னொன்று யாருக்குப் போச்சு, அது வேலை செய்யுதா?